ஊர் மாறினால் பட்டமும் மாறும்!

மைசூரில் நம்மவர்கள் வளர்க்கும் கோடைத் தோட்டம்

திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் இருந்து வந்த ஒரு வாலிபர், 1984-ம் ஆண்டு மைசூர் அசோகபுரம் ரெயில்வே பணிமனையில் பிட்டர் வேலையில் சேர்ந்தார். திருமணம் முடிந்து, சாமுண்டிபுரத்தில் ஒரு ஓட்டு வீட்டில் வாடகைக்குக் குடியேறினார். வீட்டின் முன்னால் இரண்டு முழ அகலத்துக்குச் செம்மண் தரை இருந்தது.

விவசாயக் குடும்பத்துப் பிள்ளை அல்லவா? மண்ணைக் கண்டதும் கை சும்மா இருக்குமா? "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று பாட்டன் சொன்னதை மறக்காமல், ஆடி மாதம் ஊரில் இருந்து கொண்டு வந்த கத்தரி விதையைத் தூவினார். நாற்று முளைத்தது. ஆனால் மைசூரில் அந்த மாதம் முழுக்கத் தூறல், குளிர்காற்று, மேகமூட்டம். கழுத்து அழுகி நாற்று எல்லாம் சாய்ந்து போயிற்று.

பின்கட்டில் குடியிருந்த வீட்டுக்கார அம்மாள் அதைப் பார்த்துச் சிரித்தார். "பரணி மழையில் விதைத்திருக்க வேண்டும். இப்போது விதைத்தால் யார் முளைக்க வைப்பது?" என்று கன்னடத்தில் கேட்டார்.

பிட்டருக்கு ஒன்றும் புரியவில்லை. பரணி என்றால் அவர் ஊரில் கொளுத்தும் வெயில். அதில் எவன் விதைப்பான்?

ஒரே நட்சத்திரம், இரண்டு வேலை

இந்தக் குழப்பம் அவருக்கு மட்டும் அல்ல. மைசூருக்குப் பிழைக்க வந்த தமிழர்கள் பலரும் முதல் ஆண்டில் செய்கிற தவறு இதுதான். சொந்த ஊர்ப் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு இந்த ஊர் மண்ணில் விதைக்கிறார்கள்.

மே மாதம் 4-ந் தேதி வாக்கில் தொடங்கி 28-ந் தேதி வாக்கில் முடியும் நாட்களை நாம் அக்னி நட்சத்திரம் என்கிறோம். கத்திரி வெயில் என்றும் சொல்வது உண்டு. சூரியன் பரணி நட்சத்திரத்தின் பிற்பாதியில் தொடங்கி, கிருத்திகையைக் கடந்து, ரோகிணியில் நுழையும் காலம் அது. மதுரையிலும் திருச்சியிலும் வெயில் 100 டிகிரியைத் தாண்டும். குழந்தைகளை வெளியே விடமாட்டார்கள்.

கர்நாடக விவசாயியும் அதே நட்சத்திரங்களைத்தான் எண்ணுகிறார். ஆனால் அவர் வெயிலுக்காக எண்ணவில்லை, மழைக்காக எண்ணுகிறார். பரணி மழை, கிருத்திகை மழை, ரோகிணி மழை என்று மழைக்குத்தான் அந்தப் பெயர்களை வைத்திருக்கிறார். பரணி மழை பெய்தால் தரணி எல்லாம் விளையும் என்பது இங்கே பழமொழி.

மைசூர் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,500 அடி உயரத்தில் இருக்கிறது. இங்கே உண்மையான கோடை மார்ச், ஏப்ரல் மாதங்கள்தான். பகலில் 95 டிகிரி வரை ஏறும். மே மாதம் பிறந்ததும் மாலையில் இடி இடித்து மழை கொட்டும். ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் மே மாதத்துக்கும் அக்டோபர் மாதத்துக்கும்தான் பெரிய பங்கு. நடுவில் ஜூன், ஜூலை மாதங்களில் தூறலும் காற்றும்.

ஆக, தமிழ்நாட்டில் செடி வாடும் நாட்களில் இங்கே விதை முளைக்கிறது. வானத்தில் நட்சத்திரம் ஒன்றுதான். அது செய்கிற வேலை ஊருக்கு ஊர் வேறு.

தோட்டத்துக்குப் பழகிய ஊர்

மைசூர் ஒரு கல்லூரி ஊர். மைசூர்ப் பல்கலைக்கழகம் தொடங்கியது 1916-ம் ஆண்டு. ஆங்கிலேயரின் நேரடி ஆட்சிக்கு வெளியே, சமஸ்தானம் ஒன்றில் பிறந்த முதல் பல்கலைக்கழகம் அது. மகாராஜா கல்லூரி அதற்கும் மூத்தது. ஆங்கிலத்தில் கதை எழுதிப் புகழ் பெற்ற ஆர்.கே.நாராயண் 1930-ல் அந்தக் கல்லூரியில்தான் பி.ஏ. தேறினார். சென்னையில் பிறந்த தமிழர் அவர். யாதவகிரியில் அவர் கட்டிய வீடு 2016 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. குக்கரஹள்ளி ஏரிக்கரையில் அவர் உலாவப் போவார் என்று பழைய ஆட்கள் இன்றும் சொல்வார்கள்.

அந்த ஏரிக்கரையில் காலை 6 மணிக்கு இப்போதும் கூட்டம்தான். பேராசிரியர்கள், ஓய்வு பெற்ற குமாஸ்தாக்கள், பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்கள் எல்லாரும் நடக்கிறார்கள். பேச்சில் பாதி உடம்பு, மீதி செடி. யார் வீட்டில் என்ன பூத்தது, யார் வீட்டு எலுமிச்சையில் பூச்சி விழுந்தது என்பது இங்கே நல்ல செய்தி!

ஆண்டுதோறும் தசரா சமயத்தில் குப்பண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கிறது. அதையொட்டி வீட்டுத் தோட்டங்களுக்கும் போட்டி வைத்துப் பரிசு கொடுக்கிறார்கள். தோட்டம் போடுவது பெரிய மனிதர்களின் பொழுதுபோக்கு என்று இந்த ஊரில் யாரும் நினைப்பதில்லை.

இதற்குப் பின்னால் ஒரு வெளியூர்க்காரரும் இருக்கிறார். கிரம்பீகல் என்ற ஜெர்மானியத் தோட்டக்கலை நிபுணர் லண்டன் கியூ தோட்டத்தில் வேலை பார்த்தவர். 1893-ல் பரோடாவுக்கு வந்தார். 1908-ல் மைசூர் சமஸ்தானத்துக்கு வந்து, பெங்களூர் லால்பாக் பூங்காவை ஏற்றார். திவான் மிர்சா இஸ்மாயில் காலத்தில் கிருஷ்ணராஜ சாகர் அணையின் கீழே உருவான பிருந்தாவனத் தோட்டத்திலும் இவருடைய கை உண்டு. போர்க் காலத்தில் ஜெர்மானியர் என்பதற்காக இவரை ஆங்கிலேயர்கள் காவலில் வைத்தார்கள். ஆனாலும் இவர் திரும்பிப் போகவில்லை. 1956-ல் பெங்களூரிலேயே காலமானார். பிழைக்க வந்த ஊரிலேயே வேர் விட்டவர்!

அண்டாவில் சேரும் தண்ணீர்

கோடைத் தோட்டம் என்றால் முதல் கேள்வி தண்ணீர்தான். மைசூருக்குக் காவிரியில் இருந்தும் கபினியில் இருந்தும் குடிநீர் வருகிறது. ஆனாலும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் குழாய்த் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற மனம் வராது, ஊற்றவும் கூடாது.

2023-ம் ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. கர்நாடகத்தில் 200-க்கும் மேற்பட்ட தாலுகாக்களை வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. 2024 கோடையில் பெங்களூரில் குடத்தோடு மக்கள் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றதை நாடே பார்த்தது. மைசூரிலும் குழாய் திறக்கும் நேரத்துக்குக் கண் விழித்த வீடுகள் உண்டு.

அந்தக் கோடையிலும் செடியைக் காப்பாற்றியவர்கள் இருக்கிறார்கள். சரஸ்வதிபுரத்தில் மாணவர்களுக்காக மெஸ் நடத்தும் சேலத்து அம்மாள் ஒருவர், மாடியில் 14 தொட்டிகளில் கீரை போடுகிறார். அவருடைய தோட்டம் முழுக்க அரிசி களைந்த தண்ணீரில் வளர்கிறது.

"அரிசி களைஞ்ச தண்ணி, காய் கழுவின தண்ணி எல்லாத்தையும் ஒரு அண்டாவில சேர்த்து வைப்பேன். சாயங்காலம் மாடிக்கு எடுத்துப் போவேன். கஷ்டம் எப்ப தெரியுமா? பரீட்சை முடிஞ்சு பிள்ளைங்க ஊருக்குப் போயிட்டா அரிசி குறைஞ்சுடும். அரிசி குறைஞ்சா தண்ணியும் குறைஞ்சுடும்" என்கிறார் அவர்.

மாணவர்கள் இல்லாத அந்த நாட்களில் பாதித் தொட்டிகளைக் காயப் போட்டுவிடுகிறார். மீதி ஏழு தொட்டிகளை நெருக்கமாக வைத்து, மேலே பழைய வெள்ளை வேட்டியைப் பந்தலாகக் கட்டுகிறார். எல்லாவற்றையும் காப்பாற்ற நினைத்து எல்லாவற்றையும் இழப்பதைவிட, பாதியைக் காப்பாற்றுவது மேல் என்பது அவருடைய கணக்கு.

வாடகை வீட்டுக்கு ஏற்ற வழிகள்

அனுபவப்பட்ட நம்மவர்கள் சொல்லும் யோசனைகள் சில:

தண்ணீரைக் காலை 7 மணிக்கு முன்பு அல்லது வெயில் இறங்கிய பிறகுதான் ஊற்ற வேண்டும். விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்க்கவும். ஈரம் இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.

மைசூர்ச் செம்மண்ணில் தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும். தொட்டியின் அடியில் தேங்காய் மட்டையை நார்ப்பக்கம் மேலே இருக்கும்படி பரப்பினால், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேல்மண்ணைக் காய்ந்த இலையால் மூடி வைக்க வேண்டும். வெறும் மண்ணை வெயிலுக்குக் காட்டக் கூடாது.

தரையில் இடம் இருந்தால், சுட்ட மண்பானை ஒன்றைக் கழுத்துவரை புதைத்துத் தண்ணீர் நிரப்பி மூடி வைக்கலாம். பானை கசிந்து கசிந்து சுற்றி உள்ள செடிகளுக்கு ஈரம் கொடுக்கும். இரண்டு நாள் ஊருக்குப் போனாலும் கவலை இல்லை.

குளித்த தண்ணீரை வாழைக்கு விடலாம். சோப்புத்தூள் கலந்த துணி துவைத்த தண்ணீரையும் உப்புத் தண்ணீரையும் கீரைக்கு விடவே கூடாது.

மார்ச், ஏப்ரலில் புதிதாக எதையும் நட வேண்டாம். இருப்பதைக் காப்பாற்றினால் போதும். ஆசைக்கு வெந்தயக் கீரை தூவலாம். மூன்று, நான்கு வாரத்தில் பறித்துவிடலாம். முதல் இரண்டு மழை பெய்து மண் குளிர்ந்த பிறகு, அதாவது மே மாதத்தில், கத்தரி, மிளகாய், தக்காளி நாற்று விடலாம். ஒரு மாதத்தில் பிடுங்கி நடலாம். முருங்கைக் கிளையையும் அப்போதே ஊன்றலாம். மைசூர்க்காரர்கள் உயிரை விடும் அவரைக்காய் மார்கழி, தை மாதக் குளிரில் காய்க்க வேண்டும் என்றால், மழைக்காலத்தில் விதை போட்டாக வேண்டும்.

மல்லிகைக்கு வந்த சோதனை

சாமுண்டிபுரத்துப் பிட்டர், இந்தப் பாடங்களை எல்லாம் அந்த வீட்டுக்கார அம்மாளிடம்தான் படித்தார். பதிலுக்கு அவர் மனைவி அந்த அம்மாளுக்குச் சுண்டைக்காய் வற்றல் போடக் கற்றுக் கொடுத்தார். பிட்டரின் பிள்ளைகள் அந்த அம்மாளை "அஜ்ஜி" என்று கூப்பிட்டு வளர்ந்தார்கள். 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினை கலவரமாக வெடித்தபோது, இரண்டு இரவு அந்த அம்மாள் இவர்கள் நால்வரையும் தம் வீட்டு உள்ளறையில் படுக்க வைத்துவிட்டு, தாம் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அதைப் பற்றி இரு குடும்பமும் பிறகு பேசியதே இல்லை.

20 ஆண்டுகளுக்கு முன்பு பிட்டரின் மைத்துனர் நிலக்கோட்டையில் இருந்து ஒரு குண்டுமல்லிப் பதியனை ஈரச்சாக்கில் சுற்றி ரெயிலில் கொண்டு வந்தார். தேவராஜா மார்க்கெட்டில் மைசூர் மல்லிகை கிடைக்கும். அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. மதுரை மல்லிக்கும் 2013-ல் அந்தக் குறியீடு கிடைத்தது. இரண்டும் நல்ல பூக்களே. ஆனாலும் பிறந்த ஊர்ப் பூவின் வாசம் வேறு அல்லவா? அந்தச் செடி வாசலில் புதராக வளர்ந்து, கோடை தவறாமல் பூத்தது.

2024 ஏப்ரல் 9-ந் தேதி யுகாதி. பண்டிகை முடிந்த வாரத்தில் அஜ்ஜியின் மகன் வந்து நின்றார். ஓட்டு வீட்டை இடித்து மாடி வீடு கட்டப் போவதாகவும், ஆஷாட மாதம் முடிந்ததும் பூமி பூஜை என்றும் சொன்னார். பிட்டர் பணி ஓய்வு பெற்று அப்போது இரண்டு ஆண்டு. ஓய்வு பெற்றதும் ஊருக்குப் போய்விடுவேன் என்று 30 ஆண்டுகளாகச் சொல்லி வந்தவர்தான். ஆனால் மகளுக்கு இங்கே வேலை. பேரப்பிள்ளைக்கு இங்கே பள்ளிக்கூடம். வேறு வாடகை வீடு தேட ஆரம்பித்தார்.

வீடு கிடைத்துவிடும். மல்லிகை?

"என்னங்க, அதைப் பெயர்த்து எடுத்துப் போயிட முடியாதா?" என்று மனைவி கேட்டார்.

சித்திரை வெயிலில் 20 வருடச் செடியைப் பெயர்த்தால் பிழைக்காது என்பது பிட்டருக்குத் தெரியும். அதனால் பதியன் போட்டார். தாழ்ந்த கிளைகள் ஐந்தைத் தேர்ந்தெடுத்து, கணுவுக்குக் கீழே சாய்வாகச் சிறு வெட்டுப் போட்டு, ஐந்து மண்தொட்டிகளில் வளைத்துப் புதைத்தார். கிளை எழும்பாமல் இருக்க மேலே ஒரு கல் வைத்தார். மல்லிகைப் பதியனில் வேர் பிடிக்க மூன்று மாதத்தில் இருந்து நான்கு மாதம் ஆகும். அதுவரை தொட்டி காயக் கூடாது. தண்ணீர் தட்டுப்பாடான அந்தக் கோடையில், கணவனும் மனைவியும் முகம் கழுவிய தண்ணீரைக்கூட ஏந்தி வைத்து ஊற்றினார்கள். பின்கட்டில் இருந்து அஜ்ஜியும் நாள்தோறும் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டு வந்து ஊற்றினார்.

பஞ்சாங்கம் கொடுத்த அவகாசம்

மே மாதம் மழை இறங்கியது. ஜூலை இறுதியில் கிருஷ்ணராஜ சாகர் அணையும் நிரம்பியது. ஆனால் இங்கே வேறு ஒரு சிக்கல் வந்தது.

கன்னடக்காரர்களுக்கு ஆஷாடம் ஆகாத மாதம். நமக்கு ஆடி ஆகாத மாதம். இரண்டும் ஒன்று என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆனால் அவர்கள் அமாவாசைக் கணக்கு. நாம் சூரியன் கணக்கு. 2024-ல் அவர்களுக்கு ஆஷாடம் ஆகஸ்டு 4-ந் தேதி முடிந்து, மறுநாள் சிராவணம் பிறந்தது. நமக்கு ஆடி ஆகஸ்டு 16-ந் தேதிதான் முடிந்தது. மகன் சிராவணம் பிறந்ததும் வேலையைத் தொடங்க அவசரப்பட்டார். பிட்டரின் மனைவியோ, ஆடியில் பால் காய்ச்ச மாட்டேன் என்று உறுதியாக நின்றார்.

மகன் முகம் சுளித்தபோது அஜ்ஜி குறுக்கே வந்தார். "அவர்களுக்கு இன்னும் ஆஷாடம் முடியவில்லை. 38 வருஷம் குடியிருந்தவர்களை 12 நாளுக்காக ஆகாத மாதத்தில் அனுப்புவேனா? சிராவணம் முழுக்க நல்ல நாள்தானே, தள்ளி வை" என்றார். மகன் தள்ளி வைத்தார்.

அந்த நாட்களும் பதியனுக்கு உதவின. ஆவணி பிறந்த வாரம் தாய்ச்செடியில் இருந்து வெட்டிப் பிரித்தபோது, ஐந்தில் மூன்று வேர் பிடித்திருந்தன. இரண்டு அழுகிவிட்டன.

தாய்ச்செடியையும் விடவில்லை. முழங்கால் உயரத்துக்குக் கவாத்துச் செய்து, வேர் மண்ணோடு தோண்டி, சாக்கில் கட்டி, சாமான் ஆட்டோவில் ஏற்றினார்கள். புது வீடு வித்யாரண்யபுரத்தில் முதல் மாடி. மண் தரை கிடையாது. சிமெண்டுத் தொட்டியில் வைத்த தாய்ச்செடி பத்து நாளில் துளிர் விட்டது. எல்லாரும் மகிழ்ந்தார்கள். ஆனால் புரட்டாசியில் துளிர் கருகி, செடி பட்டுப்போனது.

"20 வருஷ வேர். பாதிக்கு மேலே அந்த வாசல்லயே தங்கிப் போச்சு. சின்னது எங்கே வச்சாலும் வரும். பெரிசை நகர்த்தறதுதான் கஷ்டம்" என்றார் பிட்டர். அவர் செடியை மட்டும்தான் சொன்னாரா என்று மனைவி திரும்பிப் பார்த்தார்.

மூன்று பதியன்களில் ஒன்று சிமெண்டுத் தொட்டிக்குப் போனது. ஒன்றைப் பணிமனை நண்பர் வாங்கிப் போனார். மூன்றாவது, மகனுடன் தற்காலிகமாக வாடகை வீட்டில் இருந்த அஜ்ஜியின் பால்கனிக்குப் போனது. வீட்டுக்கார அம்மாளும் ஒரு வருடம் வாடகை வீட்டில் இருந்தார்!

2025 பங்குனியில் தொட்டிச் செடியில் முதல் பூ வந்தது. ஒரு கைப்பிடிகூட இல்லை. அதை வாழைநாரில் தொடுத்து எடுத்துக்கொண்டு, பிட்டரின் மனைவி அஜ்ஜியைப் பார்க்கப் போனார்.

அஜ்ஜி பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். பிறகு பால்கனிக் கதவைத் திறந்து காட்டி, "என் செடி போன வாரமே பூத்துவிட்டது. நீ தண்ணீர் குறைவாக ஊற்றுகிறாய்" என்றார்.

பரணி மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.